எந்த கேம் என்பதற்கு முன், எந்த நாள்

கேம் வாங்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, எது நன்றாக இருக்கிறது என்பது. இந்த அத்தியாயம் அதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் கேள்வியைப் பற்றியது: எப்போது வாங்குவது? நாம் காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை கைக்கு வந்த அன்றுதான் உச்சத்தில் இருக்கும். காலையில் பளபளக்கும் கத்திரிக்காய் மாலையில் சுருங்கிவிடும். ஷோரூமை விட்டு வெளியே வந்த பைக் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பழைய வண்டி ஆகிவிடும். செல்போன் மூன்றாம் வருடம் திணறும். ஆகவே வந்ததும் வாங்குவதுதான் சாமர்த்தியம் என்று நமக்குக் கை பழகிவிட்டது. வீடியோ கேம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டுகிறது. வெளியான அன்று அதன் விலை உச்சத்தில் இருக்கும், தரம் அதன் வாழ்நாளிலேயே அடிமட்டத்தில் இருக்கும். பிறகு மாதம் ஆக ஆகப் பிழைகள் குறையும், வசதிகள் கூடும், விலையும் இறங்கும். முதல் நாள் வாங்குபவர் முழுப் பணம் கொடுத்து அரைவேக்காட்டைச் சாப்பிடுகிறார். ஒன்றிரண்டு வருடம் கழித்து வாங்குபவர் பாதிப் பணத்தில் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறார். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்ற பழமொழி அடுப்படிக்கு வெளியே இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இடம் அதிகம் இல்லை.

இதற்குச் சாட்சி தேடித் திரிய வேண்டியதில்லை. போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் சைபர்பங்க் 2077 கேமை 2012இல் அறிவித்தது. 2020 பிறந்ததும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அங்கிருந்து நவம்பர், கடைசியில் டிசம்பர் 10 என்று மூன்று முறை நாள் தள்ளிப்போனது. வெளியாகும் முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது பிசி வடிவம் மட்டும். அதிலும் தாங்கள் பதிவு செய்த காட்சிகளை வெளியீட்டுக்கு முன் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே 2013ஆம் வருடத்து கன்சோலான பிளேஸ்டேஷன் 4இல் அது எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்த்தவர்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். தெருவில் நிற்கும் ஆட்கள் கைகளைச் சிலுவை போல விரித்தபடி உறைந்து நின்றார்கள். சின்னக் குற்றம் செய்தாலும் போலீஸ்காரர் எங்கிருந்தும் ஓடி வராமல் முதுகுக்குப் பின்னாலேயே முளைத்தார். கட்டடங்களின் சுவர்கள் மங்கலாக வந்து, நாம் கடந்து போன பிறகு தெளிந்தன. ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அந்த கேமையே தூக்கிவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அது கடைக்கு வந்தது 2021 ஜூன் 21 அன்று. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் போலீஸையும் திறன்களையும் அடியோடு மாற்றிக் கட்டியது. அந்த டிசம்பரில் கூடுதல் கதைப்பகுதியான ஃபாண்டம் லிபர்ட்டியையும் சேர்த்து ஒரே பெட்டியாக விற்றார்கள். இன்று அந்த கேமைப் புகழ்பவர்களும் 2020இல் திட்டியவர்களும் பொய் சொல்லவில்லை. இரண்டு கூட்டமும் பேசுவது இரண்டு வேறு பொருள்களைப் பற்றி. பெயர் மட்டும்தான் ஒன்று. இதில் ஓர் இடக்கும் உண்டு. 2.0 அப்டேட்டும் ஃபாண்டம் லிபர்ட்டியும் பிளேஸ்டேஷன் 4க்கு வரவே இல்லை. முதல் நாள் அந்த கன்சோலுக்காக வாங்கி, புது கன்சோலுக்கு மாறாதவர்கள் முழு விலை கொடுத்தும் முழு கேமைப் பார்க்காமலே போனார்கள்.

ஒரு நிறுவனம் ஒரு முறை சறுக்கியதை வைத்துப் பொது விதி எழுதலாமா என்று கேட்கலாம். சறுக்கியது ஒருவர் அல்ல. பேட்மேன்: ஆர்க்கம் நைட்டின் பிசி வடிவம் 2015 ஜூன் 23 அன்று வந்தது, மறுநாளே விற்பனை நிறுத்தப்பட்டது, அக்டோபர் கடைசியில்தான் திரும்பி வந்தது. 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை, விளம்பரத்தில் சொன்னதில் பாதியைக்கூடக் காட்டவில்லை என்று ஏச்சு வாங்கி, பிறகு வருடக்கணக்காக இலவச அப்டேட் போட்டுப் பெயரை மீட்டது. 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 நல்ல கணினிகளையும் திக்குமுக்காட வைத்தது. காரணம் சோம்பேறித்தனம் அல்ல, தொழில் நடக்கும் முறை. கேட்ரிட்ஜ் காலத்தில் ஒருமுறை பொறித்துவிட்டால் பிழையைத் திருத்த வழியே இல்லை; அதனால் கடைக்குப் போகும் முன்பே துடைத்து முடித்தாக வேண்டும். இணையம் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. டிஸ்க் அச்சுக்குப் போன பிறகும் வேலை நடக்கும், மீதியை முதல் நாள் இணையம் வழி வரும் திருத்தத்தில், அதாவது பேட்ச்சில், அனுப்பிக்கொள்ளலாம். வெளியீட்டுத் தேதியோ நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கோடும் பண்டிகைக்கால விற்பனையோடும் கட்டப்பட்டிருக்கிறது. தேதி ஓரளவுக்கு மேல் நகராது, பேட்ச் நகரும் என்ற நிலையில் எது விட்டுக்கொடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிசியில் இன்னொரு சிக்கல்: ஆயிரக்கணக்கான கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் கூட்டணிகளை எந்த அலுவலகத்திலும் வைத்துச் சோதிக்க முடியாது. அந்தச் சோதனையைச் செய்து கொடுப்பவர்கள் முதல் வாரத்து வாடிக்கையாளர்கள். சம்பளம் வாங்காமல், தாங்களே பணம் கட்டிச் செய்கிறார்கள்.

முன்பதிவு என்ற பழக்கம் இந்த வெளிச்சத்தில் விசித்திரமாகத் தெரியும். கடைக்கு 20 டிஸ்க் மட்டும் வரும், 40 பேர் வரிசையில் நிற்பார்கள் என்ற காலத்தில் முன்பணம் கட்டுவதில் நியாயம் இருந்தது. டவுன்லோட் செய்யும் கேமுக்கு இருப்பு தீர்ந்துபோவது என்று ஒன்று கிடையாது. தீராத பொருளுக்கு முன்பணம் ஏன்? அதை மறக்கடிக்கத்தான் ஒரு சட்டை, ஒரு வாள், ஒரு குதிரைச் சேணம் என்று விளையாட்டுக்குள் அன்பளிப்பு தருகிறார்கள். இதற்கும் மேலே ஒரு படி, பணம் கூடக் கொடுத்தால் சில நாள் முன்பே விளையாடலாம் என்பது. ஸ்டார்ஃபீல்டு 2023 செப்டம்பர் 6 அன்று 70 டாலருக்கு வந்தது; 100 டாலர் பதிப்பை வாங்கியவர்களுக்குச் செப்டம்பர் 1 அன்றே கதவு திறந்தது. அந்தப் பதிப்பில் வேறு சில பொருள்களும் இருந்தன என்றாலும், கூட்டத்தை இழுத்தது அந்த ஐந்து நாள்தான். பேட்ச் வருவதற்கு முந்தைய ஐந்து நாள் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சோனியின் பெரிய பிளேஸ்டேஷன் 5 கேம்கள் வெளியீட்டு நாளில் 4,999 ரூபாய் என்று வந்து பழகியிருக்கின்றன. அவ்வளவு பணம் கொடுக்கிறவர் பரிசோதனைக் கூடத்து எலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எவ்வளவு காலம் பொறுப்பது? எல்லா கேமுக்கும் ஒரே அளவு கிடையாது. ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் போதும். வாங்கியவர்கள் எழுதித் தள்ளிவிடுவார்கள். முதல் உருப்படியான தள்ளுபடிக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஜூன் கடைசியில் வரும் கோடை சேலும் டிசம்பர் கடைசியில் வரும் குளிர்கால சேலும் இதற்கான இரண்டு பெரிய சந்தை நாள்கள். கூடுதல் கதைகள் எல்லாம் வந்து ஒரே பெட்டியாக விற்கப்படும் கட்டம் அதற்கும் அப்பால். த விட்சர் 3 வெளியானது 2015 மே மாதம். இரண்டு பெரிய கதைப்பகுதிகளும் அடங்கிய முழுப் பதிப்பு 2016 ஆகஸ்டில் வந்தது. 15 மாதம் காத்திருந்தவர் மூன்று தனித்தனி பில்களுக்குப் பதிலாக ஒரு பில் கட்டினார். 2022 டிசம்பரில் அதற்குப் புதிய கன்சோல்களுக்கான கிராபிக்ஸ் மெருகு இலவசமாக வந்தபோது, பழைய வாடிக்கையாளர், புதிய வாடிக்கையாளர் என்ற பேதமே இல்லாமல் போனது. இன்னும் நெடுங்காலம் பொறுத்தவர்களுக்குச் சில சமயம் கேம் சும்மாவே கிடைக்கும். 2013இல் வந்த ஜிடிஏ 5ஐ 2020 மே மாதம் எபிக் கேம்ஸ் கடை ஒரு வாரம் இலவசமாக அள்ளிக் கொடுத்தது. இதை நம்பி யாரும் ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம். அது அதிர்ஷ்டம், திட்டம் அல்ல.

ஆட்சேபங்களில் வலுவானது பணத்தைப் பற்றியது அல்ல, பேச்சைப் பற்றியது. ஒரு கேம் வந்த வாரத்தில் உலகமே அதைப் பற்றிப் பேசுகிறது. யார் எந்த முடிவைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த மூலையில் எந்த ரகசியம் என்று நண்பர்கள் கூடிக் களிக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து வருபவர் கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது மொய்க்கவருடன் வந்து நிற்பவர் மாதிரி. கதையும் முன்கூட்டியே காதில் விழுந்துவிடும். இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 வந்தபோது அந்தக் கூட்டுப் பேச்சே அனுபவத்தில் பாதி. ஆனால் அந்தச் சந்தோஷத்தை எத்தனை கேம்களுக்கு உண்மையிலேயே அனுபவிக்கிறோம்? வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றை முழு விலைக்கு வாங்கலாம், தப்பே இல்லை. இரண்டு வாரம் பொறுத்தாலும் பந்தலில் கூட்டம் இருக்கும். அந்த ஒன்றுக்குப் பொருந்தும் நியாயத்தைச் சொல்லி மீதிப் பத்தையும் முதல் நாளே வாங்குவதில்தான் பணம் கரைகிறது.

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் கணக்கு வேறு என்பார்கள். கூட்டம் இருக்கும்போதே போனால்தான் ஆட்டம். பொறுத்தால் மைதானம் காலியாகிவிடும். மைதானம் காலியாவது உண்மைதான், அதனால்தான் இங்கே இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. சோனியின் கான்கார்டு 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலருக்கு வந்தது, ஆள் சேரவில்லை, செப்டம்பர் 6 அன்று சர்வரை அணைத்துவிட்டார்கள். இரண்டே வாரம். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யூபிசாஃப்டின் த க்ரூ, 2014இல் வந்த கார்ப் பந்தய கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் தொடர்பு வேண்டும் என்ற வகையில் கட்டப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றதும், டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் பிளாஸ்டிக் ஆனது. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து திரட்டியது. மறுபக்கம், 2024 பிப்ரவரியில் வந்த ஹெல்டைவர்ஸ் 2இல் முதல் வாரங்களில் கூட்டம் நெரிந்து, உள்ளே போகவே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஆக, முதல் நாள் போனவருக்குக் கிடைத்தது ஒன்று காலி மைதானம், இல்லையென்றால் அடைத்த வாசல். ஆன்லைன் கேமுக்கு வருடக்கணக்கில் பொறுக்க வேண்டாம், ஒரு மாதம் போதும். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: சர்வர் இல்லாமல் இதில் எதையாவது ஆட முடியுமா? முடியாது என்றால் நீங்கள் கொடுப்பது விலை அல்ல, முடியும் தேதி எழுதாத வாடகை. 2025 முதல் கலிஃபோர்னியா சட்டம், டிஜிட்டலில் கேம் விற்பவர்கள் விற்பது உரிமத்தைத்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஸ்டீமும் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது.

எல்லோரும் இப்படிப் பொறுத்தால் கேம் செய்பவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்பது நேர்மையான கேள்வி. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை எனக்கு இதில் கவலை குறைவு. 10 நாளில் 1 கோடியே 30 லட்சம் பிரதி விற்ற சைபர்பங்க்கைக் காப்பாற்ற உங்கள் ஒருவரின் அவசரம் தேவைப்படவில்லை. சின்ன ஸ்டூடியோக்களின் கதை வேறு. அங்கே முதல் வாரத்து விற்பனைதான் அடுத்த மாத வாடகை. ஸ்டீம் போன்ற கடைகளில் கண்ணில் படும் இடம் கிடைப்பதும் அந்த வேகத்தைப் பொறுத்தே. நல்ல வேளையாக, பொறுக்கச் சொல்லும் காரணங்களும் அங்கே வலுவிழக்கின்றன. ஒரே ஆள் உருவாக்கிய பலாட்ரோ 2024 பிப்ரவரியில் 15 டாலருக்கு வந்தது; சாதாரண லேப்டாப்பில் ஓடியது, வந்த அன்றே முழுமையாக இருந்தது. வருடக்கணக்காக எதிர்பார்க்கப்பட்ட ஹாலோ நைட்: சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு வந்தபோது ஸ்டீம் உட்படப் பல கடைகளே சில மணி நேரம் திணறின, கேம் திணறவில்லை. 2016இல் 15 டாலருக்கு வந்த ஸ்டார்டியூ வேலி பெரிய பெரிய அப்டேட்டுகளை இன்றுவரை இலவசமாகத் தருகிறது. ஆகவே விதி இப்படித் திருந்துகிறது: விலையும் பட்ஜெட்டும் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நாள் பொறுங்கள், சின்னதென்றால், பிடித்திருந்தால், அன்றே வாங்குங்கள்.

விதி செல்லாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். நின்டெண்டோ தன் சொந்த கேம்களின் விலையை இறக்குவது அபூர்வம். 2017இல் 60 டாலருக்கு வந்த ஜெல்டா: பிரெத் ஆஃப் த வைல்டு வருடங்கள் கழித்தும் அதே விலைப்பட்டியலில் நின்றது. அங்கே மலிவுக்கு வழி பழைய கேட்ரிட்ஜ். ஆடி முடித்துப் பாதி விலைக்கு மேல் விற்கவும் முடியும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டுகளில் கேமே இருக்காது, டவுன்லோடுக்கான சாவி மட்டும் இருக்கும். பெட்டியின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். கன்சோல் வாங்குவதிலும் பொறுமை இப்போது பலன் தருவதில்லை. 2020இல் அமெரிக்காவில் 500 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, இறங்க வேண்டிய வயதில், 2025 ஆகஸ்டில் 550 டாலர் ஆனது. மாதச் சந்தாவை நம்பியவர்களுக்கும் இதே அனுபவம். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் 20 டாலரிலிருந்து ஒரே தாவாக 30 டாலருக்குப் போனது. சந்தா நல்லதா கெட்டதா என்பதற்குச் சுருக்கமான பதில் உண்டு. போன மூன்று மாதத்தில் அதில் எத்தனை கேமை முடித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பொறுமைக்கும் ஒரு நோய் உண்டு, அது சேல் நாளில் தலைதூக்கும். 75 சதவீதத் தள்ளுபடி என்ற பச்சைப் பட்டையைப் பார்த்ததும் வாங்கி, லைப்ரரியில் போட்டு, திறக்காமலே விடுவது. 500 ரூபாய்க்கு வாங்கி ஆடாத கேம், 4,999 ரூபாய்க்கு வாங்கி 80 மணி நேரம் ஆடியதைவிட விலை கூடியது. மருந்து எளிது: விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், விலை இறங்கினால் அதுவே மின்னஞ்சல் அனுப்பும், கையில் இருப்பதை முடித்த அன்று மட்டும் அடுத்ததை வாங்குங்கள். சேல் தவறிப்போகுமே என்ற பயம் வேண்டாம், அடுத்தது சில மாதத்தில் வரும். தள்ளுபடி சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டீம்டிபி போன்ற தளங்களில் ஒரு கேமின் பழைய விலைகள் வரைபடமாகவே இருக்கும். இதுவரை தொட்ட குறைந்தபட்ச ரூபாய் விலை என்ன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைப் பக்கத்தில் விமர்சனம் இரண்டு வரியாக இருக்கும்: மொத்தம் ஒன்று, கடந்த 30 நாள் ஒன்று. மொத்தம் மோசமாகவும் அண்மையது நன்றாகவும் இருந்தால் கேம் தேறிவிட்டது என்று அர்த்தம். தலைகீழாக இருந்தால் ஏதோ ஒரு அப்டேட் கெடுத்திருக்கிறது. காரணத்தைப் படிக்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உங்கள் கணினியில் ஓடுமா என்ற கேள்வி பாக்கி. அதற்கு ஸ்டீமின் ரீஃபண்ட் விதி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். காப்பி-பாதுகாப்புப் பூட்டு இல்லாமல் விற்கும் ஜிஓஜி கடையில் 30 நாள் அவகாசம் உண்டு. பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோட் தொடங்கிவிட்டாலே வழி அடைபடும், கேம் பழுது என்று நிரூபித்தால் ஒழிய. ஸ்டீமின் 2 மணி நேரத்தை வீணாக்குவது சுலபம். த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 முதல் முறை திறந்ததும் ஷேடர்களைத் தயார் செய்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டது; சில கணினிகளில் அதற்கே அரை மணி, ஒரு மணி நேரம் போனது, அதுவும் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறியது. ஆகவே அவகாசம் உள்ள ஒரு மாலையில் மட்டும் முதல் முறை திறங்கள். திறந்ததும் கதைக்காட்சிகளைத் தாண்டிவிடுங்கள், கேமை வைத்துக்கொண்டால் அவற்றைப் பிறகு பார்க்கலாம். கிராபிக்ஸை நடுத்தர அளவில் வைத்து, பிரேம் எண்ணிக்கையைத் திரை மூலையில் காட்டும் வசதியை இயக்குங்கள். கட்டடத்துக்குள் நன்றாக ஓடுவது பெரிய செய்தியல்ல. ஆள் நடமாட்டம் உள்ள சந்தை, மழை பெய்யும் காடு, ஐந்தாறு எதிரிகள் சூழும் சண்டை என்று கனமான இடத்தைத் தேடிப் போங்கள். எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா, கன்ட்ரோலர் பட்டன்கள் சரியாக விழுகின்றனவா, சேமித்துவிட்டு வெளியேறி மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். செல்போனில் ஒன்றரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு உட்காருங்கள். அது அடிக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வந்தால் கேம் தங்கட்டும், நிம்மதி வந்தால் ரீஃபண்ட் பட்டனை அழுத்துங்கள்.